இரட்டைத் துணி

மேஜை மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஓர் ஈரம் இருந்தது.

மாஸ்டர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தைந்து வருடமாகத் துணியோடு குடும்பம் நடத்துகிற மனிதர், துளி ஈரத்துக்கெல்லாம் மிரண்டால் பிழைப்பு என்னாவது? தண்ணீர் பாட்டில் மூடியைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், அவ்வளவுதான். புறங்கையால் துடைக்கப் போனார். ஈரம் சில்லென்று இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது.

“ஏம்மா, இங்க தண்ணி கொட்டினியா?”

மெஷினில் உட்கார்ந்திருந்த மகள் தலையைத் தூக்கவில்லை. “நான் எங்கப்பா கொட்டினேன்? அயர்ன் பெட்டியே மூணு நாளா ரிப்பேர்ல கிடக்கு. உங்க டம்ளராத்தான் இருக்கும். இந்தக் கடையில உங்க கண்ணாடி நடக்குது, கத்தரி நடக்குது, இப்ப டம்ளரும் நடக்க ஆரம்பிச்சிருச்சாக்கும்.”

அவர் சிரித்துவைத்தார். டம்ளர் ஜன்னல் திட்டில் கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது, ஒழுக வழியில்லை.

பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் பாக்கி. சீருடைச் சட்டை அறுபதுக்கு ஆர்டர். வீட்டின் முன்னறைதான் கடை என்பதால், குறுக்கே இரண்டு கம்பி கட்டி, தைத்து முடித்த சட்டைகளை ஹேங்கரில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பெரிய அளவெல்லாம் வாசல் பக்கம், சின்ன அளவெல்லாம் சுவர் ஓரம். புதுத் துணியின் கஞ்சி வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் வெயிலில் சூடேறிய தகரக் கூரையின் வாசனையும் கலந்து, அந்த அறை எப்போதும் போலத்தான் இருந்தது.

மத்தியானம் ஒரு சட்டைக்குப் பட்டன் வைக்கலாம் என்று கம்பியிலிருந்து எடுத்தபோது, காலருக்குக் கீழே அதே வட்டம். அதே சூடு. மாஸ்டர் அதை மூக்கருகே கொண்டுபோனார். கொண்டுபோயிருக்கக் கூடாது. காய்ச்சலில் பல நாள் கிடந்தவரின் தலையணை உறையில் ஒரு வாசனை இருக்குமே, கொஞ்சம் புளிப்பாக, கொஞ்சம் உப்பாக, வாய்க்குள்ளிருந்து வந்ததாக, அது. அவருக்கு அந்த வாசனை பழக்கம். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வாரம் ஒரு மூட்டையாக அது இந்தக் கடைக்குள் வந்துகொண்டிருந்தது.

மகளிடம் ஒன்றும் சொல்லாமல் சட்டையை ஜன்னல் வெயிலில் போட்டார். காய்ந்துவிட்டது. காய்ந்த பிறகும் அந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கியே இருந்தது.

ஊரில் மஞ்சள் கட்டடம் என்று ஒன்று இருந்தது. இப்போதும் இருக்கிறது, மஞ்சள்தான் இல்லை. கீழே மருந்துக் கடை, முதல் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு, மொட்டை மாடியை வாடகைக்கு எடுத்துப் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள். அதற்குள் ஆட்கள் போய்த் திரும்பாத அந்தப் பதினோரு வருடத்தை ஊர் ‘அந்த நேரம்’ என்று மட்டும் சொல்லும், உடம்புக்கு வந்து தானாகச் சரியாகிப் போன சங்கதி மாதிரி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறது: நிர்வாகத்தில் சில கண்டிப்புகள் இருந்தன. கண்டிப்பாம்! அடுத்த வரியிலேயே புதுப் பாலம் கட்டியதைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

போன மாதம் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அந்தக் கட்டடத்தின் பின்பக்கத்தைத் தோண்டினார்கள். இரண்டே நாளில் வேலையை நிறுத்தித் தகரம் வைத்து மறைத்தார்கள். அந்த நேரத்தில் அங்கே ஸ்டோர் பார்த்தவர் இப்போது தினமும் பூங்காவில் கைவீசி நடக்கிறார். போன வாரம் பேண்ட் இடுப்பைத் தளர்த்தக் கொடுக்க வந்தவர், “தோண்டறாங்களாமே மாஸ்டர். தோண்டட்டும். மண்ணுக்குள்ள என்ன இருக்கப் போகுது, மண்ணுதான்” என்று சிரித்தார். மாஸ்டரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று மணிக்கு அந்தப் பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். சட்டைக் காலர் நைந்திருந்தது. மாஸ்டரின் கண் முதலில் அங்கேதான் போனது. விசாரணைக் குழுவிலிருந்து வருவதாகச் சொல்லி, ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெட்டு மேஜையில் வைத்தாள்.

“ஐயா, இது என்னன்னு பாத்துச் சொல்லணும். பழைய டெய்லர்னா இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம்னு சொன்னாங்க.”

பழுப்புக் காடாத் துணி. மண்ணில் கிடந்து கறுத்து விறைத்திருந்தது. அடிப்பக்கம் கயிறு ஓடுவதற்கு ஒரு மடிப்பு. மேல் மூலை இரண்டும் வளைத்து வெட்டப்பட்டிருந்தன. மாஸ்டர் அதைத் தொடவில்லை. தொடாமலே அதன் எடை அவர் கைக்குத் தெரிந்தது.

“மொத்தம் நாப்பத்தொண்ணு கிடைச்சுதுங்க. அதுல ஏழு சின்னது. அங்க வேலை பாத்த அதிகாரிங்க எல்லாரும் விதைப் பைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அந்தக் கட்டடத்துல ஆளுங்களையே வெச்சதில்லையாம். வெள்ளிக்கிழமையோட குழு முடியுது. வேற யாரும் எதுவும் சொல்லலைன்னா விதைப் பைன்னே எழுதி மூடிடுவாங்க.” வளைந்த மூலையைத் தொட்டுக் காட்டினாள். “விதைப் பைக்கு எதுக்குய்யா மூலையை வளைக்கணும்? அதைத்தான் உங்களைக் கேக்க வந்தேன்.”

மகள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

“சதுரமா விட்டா மூலையில விதை தங்கிடும்மா” என்றார் மாஸ்டர். குரல் இவ்வளவு இயல்பாக வந்தது அவருக்கே பயமாக இருந்தது. “கொட்டறப்ப முழுசா விழாது. அதுக்காக வளைக்கறதுதான். விதைப் பைதான் இது.”

அந்தப் பெண் பையின் ஓரத்தை ஒரு விரலால் நேராக்கினாள். “சின்னதுல ஒண்ணை எங்கம்மாகிட்ட காட்டினேன். எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. திருப்பித் தரவே இல்ல. எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போனப்ப எங்கண்ணன் அவர் கையை விடமாட்டேன்னு கூடவே போயிட்டான். ஒம்பது வயசு அவனுக்கு. அவன் பேரு...”

“எங்க கையெழுத்து போடணும்?” என்று மாஸ்டர் குறுக்கே கேட்டார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் போட்டார். அவள் பையை மடித்து உறைக்குள் வைத்து, “உங்களைச் சிரமப்படுத்திட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது செருப்பு மாட்டக் குனிந்தவள், தொங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னச் சட்டையின் கையைத் தொட்டுவிட்டுப் போனது ஏன் என்று தெரியவில்லை.

மகள்தான் ஆரம்பித்தாள்.

“அப்பா, அந்தப் பையில தையல் முடியற இடத்துல நூல் பிரியாம இருக்க மூணு தடவை பின்னாடி போயிருக்கு.”

“எல்லா டெய்லரும் போவாங்க.”

“ரெண்டு தடவை போவாங்க. மூணு தடவை போறது நீங்க ஒருத்தர்தான். அது வராம நான் ஒரு வருஷம் உங்ககிட்ட திட்டு வாங்கியிருக்கேன்.”

“பட்டன் தீந்துபோச்சு. பட்டன் கடைக்காரன் சாத்தறதுக்குள்ள போய் வாங்கிட்டு வந்துடு.”

பட்டன் டப்பா நிறைய இருந்தது. மகளுக்கும் அது தெரியும். அவள் டப்பாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு பர்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். மாஸ்டர் அப்படியே கூனிக் குறுகிவிட்டார். இந்த உலகத்தில் அவரை மரியாதையாகப் பார்க்கிற கண் அது ஒன்றுதான், அதையும் இன்றைக்குத் தொலைத்தாயிற்று.

வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார், மனசு மட்டும் போகக் கூடாத பக்கம் போனது.

விதைப் பை என்றுதான் ஸ்டோர்க்காரரும் முதலில் சொன்னார். மூலையை வளைக்கச் சொன்னபோதே அது தலையில் மாட்டி முகத்தை மூடுகிற உறை என்று மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது, புரியாத மாதிரி இருந்துகொண்டார். அளவுச் சீட்டில் சுற்று இருபத்திரண்டரை, இருபத்துமூன்று என்று இருக்கும். ஒரு முறை சின்னது ஏழு என்றும், சுற்று இருபதரை என்றும் வந்தது. பள்ளிக்கூடத்துக்குத் தொப்பி தைத்துக் கொடுக்கிற கைக்கு இருபதரை என்பது எந்த வயது என்று தெரியாதா? தெரியும். சாக்பீஸால் கோடு போட்டு வெட்டித் தைத்துக் கொடுத்தார். வீட்டில் கைக்குழந்தை இருந்தது, கேள்வி கேட்டவர்கள் எங்கே போனார்கள் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. பயம் உண்மைதான். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் பயம் காரணமாக இல்லாமல், தானாகச் செய்த ஒன்றும் இருந்தது.

பைகள் வாரா வாரம் ரிப்பேருக்குத் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் கிழிசல். சுற்றிலும் ஈரம், அந்த வாசனை. “எலி கடிச்சிருச்சு மாஸ்டர்” என்பார் ஸ்டோர்க்காரர். எலி வெளியிலிருந்து கடிக்கும். இவை உள்ளேயிருந்து கடிக்கப்பட்டிருந்தன. அப்போது மாஸ்டருக்கு வந்தது பயம் இல்லை, இரக்கமும் இல்லை. எரிச்சல். தான் தைத்தது ஒரு வாரம்கூடத் தாங்காமல் திரும்பி வருகிறதே என்று ஒரு தொழிலாளியின் எரிச்சல். யாரும் கேட்காமல் அவராகவே வாயைத் திறந்தார். “ஒத்தைத் துணி தாங்காது சார். ரெட்டையா வெச்சுத் தைச்சுத் தரேன். அப்புறம் கிழியவே கிழியாது.”

ஸ்டோர்க்காரருக்கு ஏக சந்தோஷம். அடுத்த மாதம் மஞ்சள் கட்டடத்திலிருந்து ஒரு மோட்டார் மெஷின் பரிசாக வந்து இறங்கியது. மகள் இன்றைக்கும் உட்கார்ந்து தைப்பது அதில்தான்.

அதற்குப் பிறகு ஒரு பைகூட ரிப்பேருக்குத் திரும்பி வரவில்லை. அதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள், கூரை ஒழுகி நனைந்த ஒரு பையைக் காயப்போட எடுத்தவர், ஏதோ தோன்றி அதை வாயில் வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தார். காற்று வரவில்லை. ஈரமான இரட்டைத் துணிக்குள் காற்று புகாது. அன்றைக்கே எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான்கு வருடம் தைத்தார்.

மாஸ்டர் எழுந்து ஸ்டூல் போட்டு, பரண் மேலிருந்து அந்த நேரத்து அளவு நோட்டை இறக்கினார். டெய்லர் அளவு நோட்டைத் தூக்கிப் போடுவதில்லை, அந்தப் பழக்கத்தால் மிஞ்சிய ஒன்று. தேதி, சுற்று, எண்ணிக்கை, ‘இரட்டை’ என்ற சொல், எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் இதை அந்தப் பெண்ணிடம் கொடுத்தால் விதைப் பைக் கதை அத்தோடு முடிந்தது. கொடுத்தால் மகளுக்கு எல்லாம் தெரியும், மெஷின் வந்த கதையும் சேர்த்து. கிழித்துப் போட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஊர் ஏற்கெனவே மறந்தாயிற்று. இவர் ஒருவர் மறந்துவிட்டால் வேலை முடிந்தது.

முதல் தாளைக் கிழித்தார்.

பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

திரும்பினார். யாரும் இல்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணி தேய்ந்து போனது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மின்விசிறி சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது, அறை மங்கியது, கஞ்சி வாசனைக்கும் எண்ணெய் வாசனைக்கும் மேலே அந்தப் புளித்த வாசனை மெல்ல ஏறி வந்து தொண்டையில் உட்கார்ந்தது. காற்றே இல்லை. ஜன்னல் திரை அசையவில்லை. ஆனாலும் துணி அசைகிற சத்தம் கேட்டது, மிக மெல்லிய சத்தம், நனைந்த துணி எதிலோ ஒட்டி, பிரிந்து, மறுபடி ஒட்டுகிற சத்தம்.

கம்பியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தார்.

பக்கவாட்டில்தான் மாட்டியிருந்தார்கள். இப்போது எல்லாம் அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. காலருக்குக் கீழே வட்டம். ஈரமான வட்டம். அது உள்ளே குழிந்தது. வெளியே வந்தது. உள்ளே. வெளியே. எல்லாச் சட்டையிலும் இல்லை. பழக்கத்தால் கண் தானாக எண்ணியது. வாசல் பக்கம் முப்பத்துநான்கு. சுவர் ஓரம் ஏழு.

ஓட நினைத்தார். வாசலுக்குப் போக அவற்றின் நடுவேதான் போக வேண்டும்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகிறது.

வாசல் ஓரத்துச் சட்டை ஒன்று உள்ளே குழிந்தது. அப்படியே நின்றுவிட்டது.

பக்கத்தில் இன்னொன்று நின்றது.

கத்தரி அவர் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. முதல் சட்டையை இழுத்து வட்டத்தின் நடுவே வெட்டினார். வெள்ளைத் துணி விலகியது. உள்ளே பழுப்புத் துணி. பள்ளிக்கூடச் சட்டைக்கு யார் லைனிங் வைப்பார்கள்? அதை வெட்டினார். உள்ளே இன்னொரு பழுப்பு. ஓரத்தில் மூன்று முறை பின்னால் போன தையல். நின்றுவிட்டது. அடுத்தது. வெட்டினார். துணி. அதற்குள் துணி. நின்றுவிட்டது. அடுத்தது. விரலில் ரத்தம். அவருடையதுதான். அடுத்தது. “இருங்க, இருங்க” என்று சொல்லிக்கொண்டே வெட்டினார். கத்தரி கடித்தது, வழுக்கியது. நன்றாகத்தான் தைத்திருந்தார். கிழியவே கிழியாது.

முப்பத்துநான்கும் நின்றன.

சுவர் ஓரம் போனார். சின்னது. ஒன்று. இரண்டு. கை ஓடவில்லை. ஐந்து. ஆறு. ஒவ்வொன்றும் அவர் கைக்குள்ளேயே நின்றது.

ஏழாவதை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அது இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. மிக மெதுவாக.

“அப்பா?”

வாசலில் மகள். கையில் போன் வெளிச்சம். தரை முழுக்க வெட்டுப்பட்ட துணி.

“கத்தரி எடும்மா” என்றார். அழுதுகொண்டிருந்தார். “சீக்கிரம். எனக்கு வெட்ட வரல. நான்தான் தைச்சேன். நான்தான் ரெட்டையா வைக்கலாம்னு சொன்னேன். யாரும் கேக்கல, நானாச் சொன்னேன். வெட்டும்மா.”

அவள் கத்தவில்லை. துண்டுகளை மிதித்துக்கொண்டு வந்து எதிரே மண்டியிட்டாள். பித்துப் பிடித்த அப்பாவிடமிருந்து சட்டையை மெல்ல வாங்கிவிடலாம் என்று அதன் மேல் கையை வைத்தாள்.

வைத்த கையை வெடுக்கென்று எடுத்தாள். உள்ளங்கை நனைந்திருந்தது.

“அப்பா... இதுக்குள்ள யாரு?”

“சுற்று இருபதரை” என்றார் மாஸ்டர். “கயித்து மடிப்பு முக்கால். உயரம் பதிமூணு.”

“அளவு இல்லப்பா. யாரு? பேரு என்ன?”

மூன்று மணிக்கு, இதே அறையில், ஒரு பெண் அந்தப் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் குறுக்கே பேசினார்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றார்.

மடியில் கிடந்த வெள்ளைத் துணி உள்ளே குழிந்தது. ஆழமாக, ஒரு சின்ன வாயின் உருவம் முழுசாகத் தெரிகிற வரைக்கும் குழிந்தது. போன் வெளிச்சத்தில் இரண்டு பேரும் குனிந்து, அது திரும்பி வெளியே வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.